முதல் கெடாமல்

2023 டிசம்பர் 17, மார்கழி முதல் தேதி. விடியுமுன் ஒலிபெருக்கியில் பாவைப் பாட்டு கேட்க வேண்டிய நேரம். அம்பாசமுத்திரத்தில் அன்று மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பகல் முழுக்கப் பெய்து, ராத்திரியும் விடாமல் பெய்தது. கடற்கரைப் பக்கம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்த செய்தி. எங்களுக்குக் கரண்டும் இல்லை, போனும் இல்லை.

தண்ணீர் வடிந்ததும் பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். அங்கே அப்பளமும் ஊறுகாயும் போடுகிற ஒரு கம்பெனிக்குப் பதினாலு வருடமாக நான்தான் கணக்கு. ஆற்றோரம் தாழ்வான தெருவில் அவர்களுடைய கிட்டங்கி. முன்னறையில் இடுப்புயரத்துக்குச் சுவரில் வண்டல் கோடு. மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டருக்குள் சேறு. அதே மேஜையின் கீழ் டிராயரை இழுத்தேன். தண்ணீரில் ஊறி உப்பியிருந்ததால் வர மறுத்தது. உள்ளே பிளாஸ்டிக் கவரில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்த ஹார்ட் டிஸ்க். கவருக்குள் அரை டம்ளர் கலங்கல் தண்ணீர் நின்றது. கவரின் மேல் ஒட்டிய சீட்டில், ‘பேக்கப், நவம்பர்’ என்று என் கையெழுத்து கொஞ்சமும் அழியாமல் இருந்தது.

நகல் எடுத்துக் கொடுத்தது நான். அதை வேறு கட்டடத்தில் வையுங்கள் என்று அழுத்திச் சொல்லாததும் நான்தான். அதை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடினேன். பார்த்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

முதலாளி அண்ணாச்சிக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. திட்டுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவரோ ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார். “வெசனப்படாத தாயி. தாமிரவருணி ஆத்தா கேட்டா, எடுத்துக்கிட்டா. அவ குடுத்ததுதான எல்லாம்.”

அவர் பொய்யாகச் சொல்லவில்லை. 2018 மகா புஷ்கரத்தில் இதே ஆற்றில் நாங்கள் எல்லோரும் முங்கி எழுந்திருக்கிறோம். இந்தத் தண்ணீரை ஆத்தா என்று கூப்பிடுவது எங்களுக்குப் பழக்கதோஷம் இல்லை, விசுவாசம். இருந்தாலும் அந்த வார்த்தை என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் அண்ணாச்சியின் லாப நஷ்டம் மட்டுமா இருந்தது? நாற்பத்து மூன்று பெண்களின் கூலிக் கணக்கு இருந்தது. மாவை எடுத்துப் போய் வீட்டில் அப்பளம் இட்டு, காயவைத்து, கொண்டுவந்து நிறுத்துக் கொடுக்கிறவர்கள். வெயிலை நம்பிய வேலை. மழை மாதத்தில் கூலி இராது, முன்பணம் வாங்குவார்கள். சிலர், ‘பொங்கலுக்கு மொத்தமா வாங்கிக்கிடுதேன்’ என்று வாரக் கூலியில் கொஞ்சத்தை முதலாளியிடமே விட்டு வைப்பார்கள். கொடுத்தவர்கள் அவர்கள், எடுத்துக்கொள்ள ஆத்தாவுக்குச் சம்மதம் சொல்ல நாங்கள் யார்?

அம்பாசமுத்திரத்திலிருந்து மேற்கே, பாபநாசம் போகும் வழியில் விக்கிரமசிங்கபுரம். சிவஞான முனிவர் பிறந்த ஊர். திருவாவடுதுறையில் துறவு பூண்டு, மெய்கண்டாரின் சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதி, 1785-இல் மறைந்தவர். என் அப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாபாடியத்தை அரைப் பக்கம், கால் பக்கம் என்று வாசித்து, எனக்குப் புரியும்படி கணக்குப் பாஷையில் சொல்வார். நூலின் முதல் சூத்திரமே உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குவதைப் பற்றியது. ஒடுக்கம் என்ற சொல்லை அவர் அழுத்திச் சொல்வார். ஒடுங்கிய உலகம் இல்லாமல் போவதில்லை; தன் காரணமான மாயைக்குள் மடங்கிக் கிடக்கிறது, அங்கிருந்தே மறுபடி விரிகிறது. உள்ளது அழியாது, இல்லாதது தோன்றாது என்பது சித்தாந்தத்தின் அஸ்திவாரம். பிறந்தும் இறந்தும் களைத்த உயிர்களை இளைப்பாற்றத்தான் சங்காரம் என்கிறார்கள். அந்த இளைப்பாறலிலும் ஒவ்வோர் உயிரின் சஞ்சித வினையும் அழியாமல் இருக்கிறது. மறு சிருஷ்டி அதிலிருந்துதான் தொடங்கும். “ஆரம்ப இருப்பு, பாத்துக்கோ” என்பார் அப்பா, பேரேட்டின் முதல் வரியில் விரலை வைத்து.

பிரளயத்தை நடத்துகிறவனே ஓர் உயிரின் கணக்கைக்கூடத் தள்ளுபடி செய்வதில்லை என்று சொல்கிற சமயம் எங்களுடையது. பொங்கல் கூலியை ஆற்றின் தலையில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்தியின் பெயரால் நாம் கைவிட்டவை கொஞ்சமா? ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போன உ.வே.சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது. ‘என் சரித்திர’த்தில் அவரே எழுதியிருக்கிறார். செய்தவர்கள் அதைப் புண்ணியம் என்றே நம்பினார்கள். எரிக்குமுன் ஒரு படி எடுத்திருந்தால் அதுவும் புண்ணியமாகவே இருந்திருக்கும்.

வேலைக்கு வருகிறேன். ஜிஎஸ்டி கணக்கு அரசாங்கத்தின் தளத்திலேயே இருந்தது. நவம்பர் மாத 3பி படிவத்துக்கு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, விருதுநகர் மாவட்டங்களுக்கு 2024 ஜனவரி 10 வரை தவணையும் கிடைத்தது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாங்கினேன், உளுந்து வாங்கிய பில்களை மொத்த வியாபாரிகளிடமிருந்து திரும்ப வாங்கினேன். அரசுக்குச் சேர வேண்டிய கணக்கு பத்து நாளில் நிமிர்ந்துவிட்டது. பெண்களுக்குச் சேர வேண்டியதுதான் எங்கேயும் இல்லை.

எங்கேயும் இல்லை என்று நான் நினைத்தேன். இந்தக் கவலையை ஒரு பெண்ணிடம் சொன்னபோது அவள் வீட்டுக்குள் போனாள். பரணில் இருந்த அரிசி டிரம்மைத் திறந்து, அரிசிக்குள் கையை விட்டு ஒரு சிட்டையை எடுத்தாள். பள்ளிக்கூட நோட்டைக் குறுக்கே பாதியாக வெட்டிச் சாக்கு தைக்கிற நூலால் தைத்தது. உளுந்து மாவு பட்டுப் பட்டுத் தாள்கள் அப்பளம் மாதிரியே விறைத்திருந்தன. தேதி, எடுத்த மாவு, கொடுத்த அப்பளம், வாங்கிய ரூபாய், விட்டு வைத்த ரூபாய். ஒரு பக்கத்தில் அவள் கையெழுத்து, அடுத்த பக்கத்தில் ஏழாவது படிக்கிற மகளின் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முன்பக்கத் தொகை.

அப்படி முப்பத்தொரு சிட்டைகள் கிடைத்தன. மற்றப் பன்னிரண்டு பேருக்குக் கூடப் போய் நிறுத்தவர்களின் ஞாபகம் இருந்தது. தனித்தனியாக எழுதிய சிட்டைகளில் ஒரே தேதிக்கு ஒரே கூலி விகிதம் இருந்தது. மாவின் கூட்டுத்தொகை உளுந்துக் கொள்முதலோடு ஒத்துப் போனது. ஜனவரி 12-ஆம் தேதி ராத்திரி ஐந்தொகை நேரானபோது என் கண் கலங்கிவிட்டது.

அப்போது எனக்கு நாதமுனிகள் ஞாபகம் வந்தார். இதே ஆறு கீழே போய்த் தொடுகிற ஆழ்வார்திருநகரியில் நடந்ததாக வைணவர்கள் சொல்லும் சரித்திரம். ஆழ்வார்களின் பாசுரங்கள் வழக்கொழிந்து போயிருந்த காலம். காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த யாத்திரிகர்கள் ஒரு பதிகத்தைப் பாடினார்கள். ஆயிரத்தில் இது பத்து என்று அந்தப் பதிகமே தன் கடைசிப் பாட்டில் சொல்லியிருந்தது. மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே என்று தேடிக் கிளம்பினார். ஆழ்வார்திருநகரியான குருகூரில் மதுரகவியின் கண்ணிநுண்சிறுத்தாம்பு, பதினொரு பாட்டு, அது மட்டும் ஒருவர் வாயில் பிழைத்திருந்தது. நம்மாழ்வார் இருந்த புளியமரத்தடியில் அதைப் பன்னிரண்டாயிரம் தரம் ஓதினார்; நாலாயிரமும் கிடைத்தது என்பார்கள்.

சிறுவயதில் இதில் அற்புதம் மட்டுமே எனக்குத் தெரிந்தது. கணக்கு எழுதிய பிறகு வேறொன்றும் தெரிகிறது. தொலைந்தது தொலைந்தது என்று எப்படித் தெரிந்தது? பதிகத்தின் கடைசியில் பாடியவர் பேரும் ஊரும் எண்ணிக்கையும் சேர்த்துக் கட்டியிருந்ததால் தெரிந்தது. அந்தப் பதிகம் சேர்ந்த திருவாய்மொழி அந்தாதி, ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கம். நடுவில் ஒன்று விழுந்தால் சங்கிலி அறுந்தது தெரிந்துவிடும். அந்தப் பெண் பக்கத்துக்குப் பக்கம் எழுதிய முன்பக்கத் தொகையும் அந்தாதிதான். திரும்பக் கிடைத்ததும் நாதமுனிகள் செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. தன் மருமகன்கள் இருவருக்கும் அதை இசையோடு கற்பித்தார். அந்த இசை வழியில் வந்த அரையர் சேவை ஆழ்வார்திருநகரியில் இன்றும் மார்கழியில் நடக்கிறது. ஓதாத பாட்டும், ஒருநாளும் திறந்து பார்க்காத ஹார்ட் டிஸ்க்கும் இருந்தும் இல்லாதவைதான்.

நகலை எங்கே வைக்கிறோம் என்பதும் உண்டு. 2017 ஜூனில் மெர்ஸ்க் என்ற பெரிய கப்பல் கம்பெனியை நாட்பெட்யா வைரஸ் தாக்கியது. யார் எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையலாம் என்ற பதிவேட்டை உலகெங்கும் பல சர்வர்களில் வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று நகல். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாம் சேர்ந்தே போயின. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் மட்டும் அந்த நேரம் கரண்டு இல்லை. அந்த ஒன்று பிழைத்தது. அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக அங்கிருந்தவருக்கு விசா இல்லாததால் நைஜீரியா விமான நிலையத்தில் வைத்துக் கை மாற்றினார்கள். இதைப் படித்தபோது அந்த டிராயர்தான் கண் முன் வந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டும் ஒன்றுதான்.

நகல் மேல் நகல் எடுத்து வைப்பது பற்று இல்லையா என்று அண்ணாச்சி பிறகொரு நாள் என்னைக் கேட்டார். நல்ல கேள்வி, பல நாள் யோசித்தேன். ஒரே ஒரு பிரதியைத் தன் பூட்டுக்குள், தன் கண் முன் வைத்துக்கொள்வதில்தான் பற்று இருக்கிறது. என் பொருள், என் கைக்குள் என்கிற பிடி. இன்னொரு ஊரில், இன்னொருவர் பொறுப்பில் ஒரு பிரதியைக் கொடுக்கும்போது நான் இல்லாவிட்டாலும் அது இருக்கும் என்று ஒத்துக்கொள்கிறேன். என் வீடும் நானும் ஒருநாள் போவோம் என்று நம்புகிறவரால்தான் அதைச் செய்ய முடியும். எல்லாவற்றையும் சேர்த்து வைக்கவும் நான் சொல்லமாட்டேன். தேவை முடிந்த ஆதார் நகல்களையும் பேங்க் விவரங்களையும் அழித்துவிடுவதுதான் தர்மம். ஆனால் பிறர் ஒப்படைத்தது அடைக்கலப் பொருள். அதைத் துறக்கிற உரிமை துறவிக்கும் கிடையாது.

எங்கள் ஊர் எரிச்சாவுடையார் கோயில் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டினுடையது, வட்டெழுத்து. வரகுண பாண்டியன் தொண்டைநாட்டில் பெண்ணைக் கரை அரைசூரில் தங்கியிருந்தபோது, இங்கே இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு கொடுத்தான். காசுக்கு இரண்டு கலமாக வருடம் 580 கலம் நெல் அளந்து சாமிக்கு அமுதுபடி நடக்க வேண்டும். முதல் மட்டும் கெடாமல் நிற்க வேண்டும். ராஜா தூரத்தில், காசு சபையார் கையில், கணக்கு கல்லில். மூன்றும் மூன்று இடம்.

இப்போது அண்ணாச்சியின் கணக்கு ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று கிளவுடில், ஒன்று தென்காசியில் அவர் மகள் வீட்டு பீரோவில். மாதம் முதல் சனிக்கிழமை அந்தக் கிளவுட் பிரதியை வேறொரு மெஷினில் இறக்கி, ஐந்தொகை போட்டுப் பார்க்கிறேன். அன்றைக்குப் பெண்களும் சிட்டையோடு வந்து ஒத்துப் பார்த்துப் போகிறார்கள். போன மாதம் அரிசி டிரம் பெண், “அக்கா, ஒம்பதாந்தேதி நாப்பது ரூபா கொறையுது” என்றாள். நான் பேரேட்டைக் காட்டினேன். அவள் சிட்டையைக் காட்டினாள். எடை போட்ட துண்டுச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தோம்; அவள் எழுதியதுதான் சரி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திருத்தி, நாற்பது ரூபாயை அவள் பேரில் வரவு வைத்தேன்.