வலியும் பொறுமையும்

வலியைப் பொறுத்துக்கொள்ளுகிறவனை உத்தமன் என்றும், அதை வாய்விட்டுச் சொல்லுகிறவனைக் கோழை என்றும் எண்ணுவது நம்மிடையே நெடுங்காலமாக ஊறிப்போன வழக்கம். முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு அழும் சிறுவனை 'ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?' என்று அதட்டுகிறோம். நோயில் கிடந்து இறந்தவரைப் பற்றிப் பேசும்போதும், 'கடைசிவரை ஒரு முனகல் இல்லை' என்பதையே பெரும் புகழாகச் சொல்லுகிறோம். சகிப்புத்தன்மை உயர்ந்த குணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும், முதுகெலும்பில் பெரிய ரண சிகிச்சை செய்துகொண்டு, அதன் பின் வந்த மாதங்களை மாத்திரைகளோடும் இடுப்புப் பெல்ட்டோடும் கழித்தவன் என்ற முறையில், அந்தக் குணத்துக்கு உரிய இடம் எது, உரியதல்லாத இடம் எது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பொறுமைக்கு இலக்கணமாக நாம் போற்றும் அடியார்களுள் திருநாவுக்கரசரைக் காட்டிலும் சிறந்தவர் யார்? நீற்றறையில் இட்டபோதும், நஞ்சு கலந்த சோற்றை உண்பித்தபோதும், கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளியபோதும் கலங்காதவர் என்று பெரியபுராணம் அவரைப் பற்றிப் பேசுகிறது. அதே நூல், சூலை நோய் அவருடைய வயிற்றைக் குடைந்தபோது அவர் துடித்துப்போனதையும், உடனிருந்தோரின் மந்திரங்களால் அது தணியாதது கண்டு தமக்கையார் திலகவதியாருக்கு ஆள் அனுப்பியதையும், இரவோடு இரவாகத் திருவதிகைக்குச் சென்று அந்த அம்மையாரின் திருவடிகளில் விழுந்ததையும் சிறிதும் மறைக்காமல் சொல்லுகிறது. அவர் பாடிய முதற் பதிகமே ஒரு நோயாளியின் முறையீடுதான். தம் வேதனையை, அதைத் தீர்க்க வல்லவரிடம் உள்ளபடி எடுத்துச் சொல்லுவது வீரத்துக்கு இழுக்கு என்று அந்தத் தீரருக்குத் தோன்றவில்லை. இதைப் படுக்கையில் கிடந்த நாட்களில் நான் பலமுறை நினைத்துக்கொண்டதுண்டு.

எனக்கு நேர்ந்தது இக்காலத்தில் பலருக்கும் நேர்வதுதான். இடுப்பை அடுத்த முள்ளெலும்புகளில் ஒன்று தன் கீழிருந்ததன்மேல் முன்னோக்கி நழுவி, இடையே செல்லும் நரம்பை நசுக்கியதால், காலில் எரிச்சலும் மரப்பும் ஏற்பட்டு, சற்று நேரம் சேர்ந்தாற்போல் நிற்பதும் இயலாமற்போயிற்று. வைத்தியர்கள் ஸ்பைனல் ஃப்யூஷன் என்றும், வார்டில் உள்ளவர்கள் 'முதுகிலே ஸ்க்ரூ வைக்கிற ஆபரேஷன்' என்றும் சொல்லும் சிகிச்சையில், நரம்பை நசுக்கும் எலும்பை நீக்கி, டைட்டேனியம் திருகாணிகளாலும் கம்பிகளாலும் இரண்டு முள்ளெலும்புகளையும் அசையாமல் பிணைத்து, இடையே எலும்புத் துண்டுகளை வைத்து நிரப்புகிறார்கள். திருகாணிகள் செய்வது தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் வேலை மாத்திரமே. எலும்பும் எலும்பும் கூடி ஒன்றாவது தேகம் தானே செய்துகொள்ளவேண்டிய காரியம். அதற்குப் பல மாதங்கள், சிலருக்கு ஓர் ஆண்டுகூடச் செல்லும்.

இந்தச் சிகிச்சையை 1911-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் ரஸ்ஸல் ஹிப்ஸ், ஃப்ரெட் ஆல்பி என்ற இரு வைத்தியர்கள் தனித்தனியே வெளியிட்டபோது, க்ஷயரோகம் முதுகெலும்பை அரித்துக் கூனாக்குவதைத் தடுப்பதே அவர்களுடைய முக்கிய நோக்கமாக இருந்தது. உலோகத்தால் பிணைக்கும் முறை அவர்களிடம் இல்லாமையால், எலும்பு கூடும்வரை நோயாளியை வாரக்கணக்கில் அசையாமல் கிடத்தி வைத்தார்கள். இன்றோ, ரண சிகிச்சை முடிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, பிசியோதெரபிஸ்ட் கட்டிலருகே வந்து நின்றுகொண்டு, முதுகைத் திருகாமல் உடம்பை ஒரு மரம்போல் ஒருக்களித்து உருட்டி, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொல்லி, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிடுகிறார். அசையாமல் கிடந்தால் கால் நாளங்களில் இரத்தம் உறையும். ஆழ்ந்து மூச்சு விடாத நெஞ்சில் சளி கட்டும். தசைகள் வெகு விரைவில் வற்றும். ஆகையால் நடக்கவேண்டும், நடப்பதற்கு வலி அடங்கியிருக்கவேண்டும். வலியைப் பற்றிய என் எண்ணங்கள் யாவும் இந்த எளிய உண்மையிலிருந்தே பிறந்தன.

என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில், இதே சிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் வயலில் பாடுபட்டவர்; வைரம் பாய்ந்த உடம்பு. 'மாத்திரைக்கு அடிமையாகிவிடக் கூடாது' என்ற வைராக்கியத்தால், கொடுத்த மாத்திரைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் படுத்திருந்தார். அவர் ஒரு சொல்கூட முறையிடவில்லை என்பது உண்மை. ஆனால் இருமவும் இல்லை, புரளவும் இல்லை, எழுந்து நிற்கச் சொன்னபோது இயலவும் இல்லை. இரவு வேலைக்கு வந்த சிஸ்டர் அதைக் கண்டுகொண்டு, 'தாத்தா, இந்த மாத்திரை படுத்துக் கிடக்கிறதுக்கு இல்லை, எழுந்து நடக்கிறதுக்கு' என்று சொல்லித் தண்ணீரை நீட்டினார். வலி நிவாரண மருந்துகளைப் பற்றி நான் கேட்டவற்றுள் இதைவிடத் தெளிவான விளக்கம் வேறில்லை. முதியவர் மறுநாள் சன்னல்வரை நடந்தார்.

இந்த மருந்துகள் ஒரே ஜாதியானவை அல்ல என்பதையும் நோயாளி அறிந்துகொள்ளவேண்டும். வெட்டுண்ட தசைகளின் வலி ஒருவகை. அது முதல் சில நாட்கள் உக்கிரமாக இருந்து காலக்கிரமத்தில் தானே தணிவது. நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு விடுபட்டு உயிர்க்கும்போது, காலில் நெருப்பு ஊர்வது போலவும் மின்சாரம் பாய்வது போலவும் தோன்றும் வலி வேறொருவகை. அதற்குக் காபாபென்டின், பிரீகாபலின் போன்ற வேறு மருந்துகளைக் கொடுக்கிறார்கள். அவற்றால் தலை கிறுகிறுக்கும், பகலிலும் உறக்கம் வரும். திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகவே குறைக்கவேண்டும். பாராசிட்டமால் சாதுவான மருந்து என்று பெயரெடுத்தது. எனினும் ஆரோக்கியமான பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 4 கிராம் உச்ச அளவு, அதை மீறினால் கல்லீரல் கெடும். டிரமடாலோடு பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் கலந்து வருவதுண்டு. சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. உறையின்மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் விழுங்குகிறவர், தாம் அறியாமலே இரட்டிப்பு அளவை உட்கொண்டுவிடக்கூடும்.

இன்னொரு செய்தி. சாதாரண முதுகு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் முதலியவற்றை, எலும்பு கூடவேண்டிய காலத்தில் தவிர்க்கும்படி ரண சிகிச்சை வைத்தியர்கள் பலர் சொல்லுகிறார்கள். எலும்பு கூடுவதன் முதற்படி, அந்த இடத்தில் உண்டாகும் அழற்சிதான். அழற்சியை அடக்கும் மருந்து அந்த வேலையைத் தாமதப்படுத்திவிடக்கூடும் என்பது அவர்களுடைய அச்சம். இதில் வைத்தியர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் புகைபிடித்தால் எலும்பு கூடுவது கெடும் என்பதில் பேதமே இல்லை.

வலி உச்சத்துக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம். ஏறத் தொடங்குமுன்பே தடுப்பது எளிது. ஆகவேதான் முதல் நாட்களில் வலித்தாலும் வலிக்காவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்து வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறார்கள். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில், எந்த மணிக்கு எந்த மாத்திரை என்பதையும், அதன் பின் என்ன செய்ய முடிந்தது என்பதையும் குறித்து வந்தேன். 'பத்துக்கு எவ்வளவு வலி?' என்று சிஸ்டர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லத்தான் வேண்டும். ஆயினும் அந்த எண்ணைக் காட்டிலும், தாழ்வாரக் கோடிவரை நடக்க முடிந்ததா, உட்கார்ந்து சாப்பிட முடிந்ததா, நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் நித்திரை வந்ததா என்ற விவரங்களே வைத்தியருக்கு அதிகம் பயன்பட்டன. வலி முற்றும் அகன்றுவிடவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போக நேரும். செய்யவேண்டிய காரியத்தைச் செய்யும் அளவுக்கு அது அடங்கினால் போதும் என்று கொள்ளுபவருக்கே அளவு பிடிபடும்.

அபினி வர்க்கத்து மருந்துகளைப் பற்றி நம்மவர்களுக்குள்ள பயம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. சேர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் அபினியிலிருந்து மார்ஃபினைப் பிரித்தெடுத்து, 1817-இல் தம் ஆராய்ச்சியை விரிவாக வெளியிட்ட காலம் முதல், அது வரமாகவும் சாபமாகவும் இருந்து வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து, நாட்பட்ட முதுகு வலிக்குக்கூட இவ்வகை மாத்திரைகளை வரைமுறையின்றி எழுதிக் கொடுத்ததில் தொடங்கிய தீமை, பின்னர் தெருவில் விற்கும் போதைப் பொருள்வரை சென்று, லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்துவிட்டது. நம் நாட்டிலோ இதற்கு நேர்மாறான கொடுமை நிகழ்ந்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம் விதித்த கட்டுத்திட்டங்களுக்கு அஞ்சி, ஆஸ்பத்திரிகள் பல மார்ஃபினை வைத்திருப்பதையே கைவிட்டுவிட, புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்கள் அலறி மாண்டார்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. காஜிபூரிலும் நீமச்சிலும் அரசாங்கமே ஆலை வைத்து அபினியைப் பக்குவம் செய்து, வெளிநாடுகளுக்கும் அனுப்புகிறது. அதை விளைத்த நாட்டின் நோயாளிக்கு மட்டும் அது எட்டாக்கனியாயிற்று. இந்த அநீதியை எதிர்த்துப் பாடுபட்டவர்களுள் முதன்மையானவர், 2003-இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்ற ஸ்தாபனத்தை நிறுவிய டாக்டர் எம். ஆர். ராஜகோபால். அவரையொத்த பலரின் பிரயத்தனத்தால் 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. உணவு அளவில் மிகுந்தாலும் குறைந்தாலும் நோய் செய்யும் என்பது மருந்து என்ற அதிகாரத்தில் வள்ளுவர் கருத்து. உணவுக்குச் சொன்னது இந்த மருந்துக்கும் எவ்வளவு பொருந்துகிறது!

ரண சிகிச்சைக்குப் பின், வைத்தியரின் கண்காணிப்பில் சில நாட்கள் உட்கொண்டு, வலி தணியத் தணியக் குறைத்து நிறுத்துகிறவருக்கு அடிமைத்தன பயம் மிகக் குறைவு. முதலில் கைவிடவேண்டியவை பெரும்பாலும் இந்த வீரியமுள்ள மாத்திரைகளே, சாதுவானவை பின்னர். மதுவோடும், வைத்தியர் அறியாத தூக்க மாத்திரையோடும் இவற்றைச் சேர்த்தால் மூச்சே அடங்கிவிடலாம் என்பதை மாத்திரம் எக்காரணம் கொண்டும் மறக்கலாகாது. மலச்சிக்கலைப் பற்றியும் கூச்சமின்றிச் சொல்லவேண்டும். இம்மருந்துகளால் வரும் மயக்கம் சில நாட்களில் பழகிவிடும்; மலச்சிக்கல் பழகுவதில்லை. முக்கினால் முதுகு பிளப்பதுபோல் வலிக்கும். தண்ணீரும் நடையும் மட்டும் போதாதவர்களுக்கு முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கேட்டு வாங்கிக்கொள்ளுவது விவேகம்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் நன்றாக நடந்து, மறுநாள் எழ முடியாமல் வலித்தால், திருகாணி கழன்றுவிட்டதோ என்று மனம் பதைக்கும். பெரும்பாலும் அது தசையின் அயர்ச்சியே. வலி என்பது காயத்தின் அளவை அப்படியே எழுதிக் காட்டும் தராசுமுள் அன்று. தண்டுவடத்திலேயே அதைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல ஓர் அமைப்பு இருப்பதாக மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் வெளியிட்ட கொள்கை, நித்திரையின்மையும் தனிமையும் பயமும் வலியை ஏன் பெருக்குகின்றன என்பதை நமக்கு விளங்க வைத்தது. எனக்கு மாலை வேளைகளில் நண்பர் ஒருவர் வந்து பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்த நாட்களில், இரவு மாத்திரையை நேரமானபோதுதான் நினைத்தேன். ஆனால் காலில் புதிதாக வலுக்குறைவு, தொடையிடுக்கில் மரப்பு, சிறுநீரோ மலமோ தன்வசம் இல்லாமற்போதல், காய்ச்சல், தையலில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ, இவற்றில் எது கண்டாலும் அது பொறுக்கவேண்டியதன்று. அந்த மணியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியது.

அப்படியானால் பொறுமைக்கு வேலை எங்கே? எலும்பு கூடும்வரை குனியாமல், திரும்பாமல், பாரம் தூக்காமல், பேரப்பிள்ளை கையை நீட்டினாலும் எடுக்காமல் இருக்கிறோமே, அங்கே. ஒவ்வொரு நாளும் சில அடி கூட்டி, முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாத வாரங்களிலும் நடையை விடாமல் இருக்கிறோமே, அங்கே. மருந்தால் தணியக்கூடிய வலியோடு மல்லுக்கட்டித் தன் தைரியத்தையெல்லாம் செலவழித்துவிட்டவருக்கு, இந்த நெடுங்காலக் காத்திருப்புக்கு என்ன மிஞ்சும்?

வள்ளுவர் அதே அதிகாரத்தில், மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்றாக நோயாளிக்குத் துணையிருப்பவரையும் எண்ணினார். ஆகவே கட்டிலருகே அமர்ந்திருக்கும் மனைவிக்கும் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு விண்ணப்பம்: வேளை வந்து அவர் மாத்திரை கேட்கும்போது, 'இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளக் கூடாதா?' என்று கேட்காதீர்கள்; எழுதிய அளவைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். அவர் தேறிய பிறகு மிஞ்சிய மாத்திரைகளை, முதுகு வலிக்கிறது என்று சொல்லும் அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.