பேச்சுக்குப் பூட்டு

கூட்டுக் குடும்பத்தில் ஒரு தம்பி கூடத்தில் நின்று, "என் பங்கைப் பிரித்துக் கொடு" என்கிறான். மூத்தவர்கள் அவன் வாயை அடக்குவதா, மனக்குறையைக் கேட்பதா? நாடுகளுக்கும் இந்தச் சங்கடம் வருவதுண்டு.

1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான். தனித் திராவிட நாடு அன்று அவர்களுடைய கோரிக்கை. பல்லாண்டுகள் அதை மேடைதோறும் பேசினார்கள். சீனப் போருக்குப் பின் 1963-ல் அரசியல் சட்டத்தின் பதினாறாவது திருத்தம் வந்தது. நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காக்கப் பேச்சுரிமைக்கு வரம்பு கட்டலாம். தேர்தலில் நிற்பவர் அவற்றைப் பேணுவதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். அண்ணாதுரை மாநிலங்களவையில் எதிர்த்துப் பேசினார். ஆயினும் அவ்வாண்டே கழகம் பிரிவினையைக் கைவிட்டது. 1967-ல் ஆட்சியிலும் அமர்ந்தது.

அதே கடலின் தெற்கே இலங்கை. 1976-ல் வட்டுக்கோட்டையில் தனி ஈழம் கோரித் தீர்மானம் போட்ட தமிழர் விடுதலைக் கூட்டணி, மறு ஆண்டுத் தேர்தலில் 18 இடங்களை வென்றது. 1983 ஜூலையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன. அந்தச் சாம்பல் ஆறுமுன், ஆகஸ்டில், ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிப்பதே குற்றம், சொத்தும் பறிபோகலாம். உறுதிமொழி எடுக்க மறுத்த உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள்.

இரண்டும் ஒரே பூட்டுத்தானே என்று நீங்கள் கேட்கலாம். பூட்டு ஒன்றுதான், வீடுதான் வேறு. நம் சட்டத்தில் கட்டுப்பாடு 'நியாயமானதாக' இருக்க வேண்டும் என்ற சொல் இருக்கிறது. அதை நிறுத்துப் பார்க்க நீதிமன்றம் இருக்கிறது. இலங்கையில் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்ட சட்டத்தைச் செல்லாதென்று சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரமில்லை. இங்கே 1956-ல் மொழிவழி மாநிலங்கள் அமைந்திருந்தன. கோரிக்கையை விட்டவனுக்கு வேறொரு வாசல் திறந்திருந்தது. அங்கே ஓட்டுப் பெற்று வந்தவர்களே வெளியேற நேர்ந்தது.

அந்தச் சட்டம் ஒன்றே போரை மூட்டியது என்று நான் சொல்லமாட்டேன். துப்பாக்கிகள் அதற்கு முன்பே வெடிக்கத் தொடங்கிவிட்டன. ஆனால், பேச வந்தவனை அனுப்பிவிட்டால் பிறகு யாரோடு சமாதானம் பேசுவது? 2009 வரை நீண்ட போர் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

நம் சட்டத்தையும் நான் கும்பிடவில்லை. பேனா பிடித்துப் பிழைக்கிறவனுக்கு எந்தப் பூட்டைக் கண்டாலும் கொஞ்சம் அச்சம்தான். ஆனாலும், தம்பியைப் பேசாதே என்று சொல்லும் உரிமை, அவன் குறையை முதலில் கேட்டுத் தீர்க்க முனைந்த அண்ணனுக்கே உண்டென்று நினைக்கிறேன்.