கடிக்கும் மீன்: குற்றம் யாருடையது?



சில நாட்களுக்கு முன் அரியலூரில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதிலே நாலு ஏஞ்சல் மீன்கள், பத்துப் பன்னிரண்டு கப்பிகள், புதிதாய் வாங்கிவிட்ட இரண்டு டைகர் பார்ப். ஏஞ்சல் மீன்களின் நீண்ட துடுப்புகள் கந்தலாகியிருந்தன. வீட்டுப் பையன் கண்கலங்கி, "சாமி, இந்த ரெண்டும் பொல்லாத மீன். கொன்னுடலாமா? இல்லே, ஏரியிலே விட்டுடலாமா?" என்று கேட்டான்.

சிறுபிள்ளைக் கேள்வியென்று நகைக்கவேண்டாம். இதிலே மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன. கடித்தது குற்றமா? கொல்வது நியாயமா? ஏரியில் விடுவது இரக்கமா?

முதலாவது, குற்றம் என்றால் அறிவும் சுயாதீன மனதும் வேண்டும். மீனுக்கு இவ்விரண்டும் இல்லை. டைகர் பார்ப் கூட்டமாய் வாழும் ஜாதி. ஆறுக்குக் குறையாமல் வைத்தால், பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்திக்கொண்டு திரியும். ஒன்றிரண்டாய் விட்டால் அடுத்த மீனின் துடுப்பைக் கொறிக்கும். பையன் எந்த ஏஞ்சலுக்காக அழுதானோ, அதே ஏஞ்சல் கப்பிக் குஞ்சுகளைக் கண்டால் விழுங்கிவிடும். முட்டையிடும் காலத்தில் தன் மூலைக்கு எவரையும் அண்டவிடாது. அப்படியானால் பொல்லாதது எது, நல்லது எது? மிருகங்கள் ஒன்றையொன்று கொல்லும் சுபாவம் மனிதனுடைய பாவத்தால் வந்ததல்ல என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். மீன்களின் சண்டையை ஆராய்ந்து 1963-இல் நூல் எழுதிய கொன்ராட் லோரன்ஸ், ஒரே இனத்துக்குள் நடக்கும் சண்டை வாழும் இடத்தைப் பங்கிடவும் உதவுகிறது என்று காட்டினார்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆற்றிலே தோற்ற மீன் ஓடிப் பிழைக்கும். நாலு கண்ணாடிச் சுவருக்குள் எங்கே ஓடும்? கடித்தது மீன், ஓடும் வழியை அடைத்தவர் நாம். சுபாவம் விசாரியாமல், நிறத்தைப் பார்த்து வாங்கிச் சேர்த்தவரும் நாமே. ஆகவே பொறுப்பு நம்முடையது.

இரண்டாவது கேள்விக்கும் இதிலேயே பதில் உண்டு. நம் அஜாக்கிரதைக்கு மீனைத் தண்டிப்பது நியாயமல்ல. செய்யவேண்டியவை வேறு. அடிபட்ட மீனை முதலில் காப்பாற்றுங்கள். கடிக்கும் மீனைச் சில நாள் தனியே வையுங்கள். கல்லையும் செடியையும் இடம் மாற்றி, ஒளிந்துகொள்ள மறைவிடங்கள் அமையுங்கள். பழைய எல்லைகள் கலைந்தபின் திரும்ப விட்டால், சிலவேளை சண்டை அடங்கும். அடங்காவிட்டால் வேறு தொட்டி, அல்லது வாங்கிய கடை.

மூன்றாவதில்தான் நல்லவர்களும் ஏமாறுகிறார்கள். ஏரியில் விடுவது இரக்கம்போல் தோன்றுகிறது. நம் கரைவெட்டி ஏரி 2024-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது; பறவைகளும் நாட்டு மீன்களும் அதை நம்பி வாழ்கின்றன. தொட்டியைச் சுத்தம் செய்யவென்று வாங்கி, வளர்ந்தபின் வெளியே விடப்பட்ட சக்கர் மீன் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. நம் கண்ணுக்கு மறைந்த தீமை தீர்ந்துபோன தீமையாகாது. நம் தொல்லையை அயலான் தலையில் கட்டுவதற்கு இரக்கம் என்று பெயரிடலாமா?

கடைசியாக ஒரு எச்சரிக்கை. மீனுக்குச் சொன்ன சமாதானத்தை மனிதன் தனக்குச் சொல்லிக்கொள்ளக் கூடாது. "என் சுபாவமே அப்படி" என்று மனைவியை ஏசுகிறவனுக்கும், தம்பியை அடிக்கிற அண்ணனுக்கும் புத்தியும் மனதும் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் கணக்குச் சொல்லவேண்டும். ஆயினும் வீட்டுக்குப் பெரியவர்களே, நீங்களும் கேட்டுப்பாருங்கள். நம் வீட்டில் எளியவர் ஒதுங்க ஒரு மூலை உண்டா? அடிபட்டவன் பேச்சை யார் கேட்கிறார்கள்? அடித்தவனைத் திட்டுவது எளிது. இடத்தை ஒழுங்குபடுத்துவது பெரியவர் கடமை.

அந்தப் பையன் இரண்டு மீனையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டான். போன வாரம் பார்த்தேன். ஏஞ்சல் மீன்களுக்குத் துடுப்பு வளர்ந்து வருகிறது. "அடுத்த தடவை கேட்டுட்டுத்தான் வாங்குவேன், சாமி" என்றான். கற்கவேண்டியதை அவன் கற்றுக்கொண்டான்.