தோற்றது யார்?

உலகில் மாந்தர் அடையும் துயரங்களுள் சில, அவர்தம் உடலுக்கோ உடைமைக்கோ ஒரு சிறு குறையும் நேராதபோதும் வந்து பற்றுவன. தான் விரும்பிய அணி ஓர் ஆட்டத்தில் தோற்றது எனக் கேட்டு, இட்ட சோற்றை ஒதுக்கிவிட்டு எழுந்து போகிறவனை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். அவனுடைய நிலம் குறையவில்லை; கூலி குறையவில்லை; வீட்டில் எவரும் நோயுறவில்லை. ஆயினும் அவன் துயரம் பொய்யன்று. பொய்யன்று என்பதனாலேயே அதனை ஆராய்தல் தக்கதாகும். அங்கே தோற்றது யார்? ஆடியவரா, பார்த்தவரா? பார்த்தவரே எனின், அவர் இழந்த பொருள் யாது?

இவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே நிகழ்ந்த சான்று ஒன்று உண்டு. 1996ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டிகள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளில் நடைபெற்றன. மார்ச் 9ஆம் நாள் பெங்களூர் சின்னசாமி அரங்கில் நடந்த கால் இறுதியில் இந்திய அணி பாகிஸ்தானை 39 ஓட்டங்களால் வென்றது. கோலார் தங்கவயலில் வாழும் நமக்கு அது அடுத்த வீட்டுக் கல்யாணம் போன்றது. நான்கு நாள் கழித்து, மார்ச் 13 அன்று, கல்கத்தா ஈடன் கார்டன் அரங்கில் அரை இறுதி. எதிரணி இலங்கை. ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் கூடியிருந்தனர். முதல் ஓவரிலேயே இலங்கையின் தொடக்க ஆட்டக்காரர் இருவரும் வெளியேற, அரங்கம் அதிர்ந்தது. ஆயினும் அரவிந்த டி சில்வா 66 ஓட்டங்களும் ரோஷன் மகாநாம 58 ஓட்டங்களும் எடுத்து அணியைத் தாங்கினர். இலங்கை 8 விக்கெட் இழப்புக்கு 251 ஓட்டங்கள் சேர்த்தது. பின்னர் ஆடிய இந்தியா, ஒரு விக்கெட் இழப்புக்கு 98 என உறுதியாக நின்ற வேளையில், 65 ஓட்டங்கள் எடுத்திருந்த சச்சின் டெண்டுல்கர் வெளியேறினார். அதன்பின் 22 ஓட்டங்களுக்குள் ஏழு விக்கெட்டுகள் வீழ்ந்தன.

விக்கெட்டுகள் வீழ வீழ, பார்வையாளர் பகுதியிலிருந்து புட்டிகள் மைதானத்தில் விழலாயின. இருக்கைகளில் தீ மூட்டப்பட்டது. ஆட்ட நடுவராகிய கிளைவ் லாயிட் இரு அணியினரையும் உள்ளே அழைத்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஆட முயன்றபோதும் கூட்டம் அடங்கவில்லை. இந்தியா 8 விக்கெட் இழப்புக்கு 120 என்ற நிலையில் ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. களத்தில் நின்ற வினோத் காம்பிளி கண்ணீர் விட்டழுதவாறு வெளியேறினார்.

அன்று அழுதவர் ஒருவர், எரித்தவர் பலர். இரண்டும் தோல்வியினால் வந்த செயல்களே. எனினும் இரண்டும் ஒன்றாகா. காம்பிளி ஆடியவர், அத்தோல்வியில் தமக்கும் பங்குண்டென்று அறிந்தவர். அவர் கண்ணீர் எவரையும் சுடவில்லை. தீ மூட்டியவனோ, தன் துயரத்துக்கு வேறொருவனைப் பொறுப்பாளியாகத் தேடினான். அவன் செயலால் விளைந்ததையும் நோக்குங்கள். கடைசிப் பந்து வரை ஆடி வெல்லும் பெருமையை அவன் வென்றவர்க்குத் தரவில்லை. கடைசிப் பந்து வரை நின்று தோற்கும் கௌரவத்தைத் தன் அணிக்கும் விட்டுவைக்கவில்லை. அணியின்பால் கொண்ட அன்பினால் செய்ததாக அவன் கூறுவானாகில், அவ்வன்பு அணிக்கு அளித்த பரிசு இதுவேயாகும்.

இவ்விடத்தில் நம் மொழி நமக்கு ஒரு நுட்பத்தைக் கற்பிக்கிறது. வடமொழியிலும் ஆங்கிலத்திலும் இல்லாத ஒரு பிரிவு தமிழில் உண்டு. கேட்போரையும் உளப்படுத்திக் கூறுவது ‘நாம்’. கேட்போரை நீக்கிக் கூறுவது ‘நாங்கள்’. ஆட்டம் பார்ப்பவன் ‘நாம் வென்றோம்’ என்று மகிழும்போது உண்மையில் அவன் நெஞ்சில் இருப்பது ‘நாங்கள்’ என்னும் சொல்லே. வேறொரு கூட்டத்தை அயலாக நிறுத்தாமல் அச்சொல் நிற்காது. தோல்வி வந்தவுடன் அச்சொல்லும் மாறிவிடுகிறது. நேற்று ‘வென்றோம்’ என்றவன், இன்று ‘தோற்றுவிட்டார்கள்’ என்கிறான். உழைப்பில் பங்கில்லாதவன் வெற்றியில் மட்டும் பங்கு கேட்கிறான். நட்டக் கணக்கு வந்தபோது கூட்டு வாணிபத்திலிருந்து விலகிக்கொள்கிறான். இங்கே ‘எனது’ என்று பற்றப்பட்டது அவனுடையதாக எப்போதேனும் இருந்ததா என்று கேட்பதே, ததாகதர் நமக்குக் கற்பித்த விசாரணையாகும்.

அந்த ‘நாங்கள்’ எத்துணை நிலையற்றது என்பதை அதே ஆட்டத்தைக்கொண்டு அறியலாம். அன்று இலங்கைக்காகப் பந்து வீசியவருள் கண்டியைச் சேர்ந்த தமிழராகிய முத்தையா முரளிதரனும் ஒருவர். நாட்டால் நோக்கின் இந்திய அணி நம்முடையது. மொழியால் நோக்கின் முரளிதரன் நம்மவர். சமயத்தால் நோக்கின் இலங்கை மக்களில் பெரும்பான்மையோர் பௌத்தர். தங்கவயலில் வாழும் ஒரு தமிழ்ப் பௌத்தன் அன்று யாருடைய தோல்விக்காக அழ வேண்டும்? இன்னும் ஒன்று காண்க. அவ்வாண்டு ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கியருகே குண்டு வெடித்ததால், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே ஆட மறுத்தன. அப்போது இந்திய வீரரும் பாகிஸ்தான் வீரரும் ஒரே அணியாகக் கூடிக் கொழும்பு சென்று, இலங்கையோடு நட்பு ஆட்டம் ஆடினர். அது பிப்ரவரி 13. சரியாக ஒரு திங்களில் நட்பின் கை புட்டி எறியும் கையாயிற்று. இடையில் மாறியது எண்பலகையேயன்றி மனிதரல்லர்.

தோல்வியின் துயரம் புதிதன்று. கோசல மன்னனாகிய பசேனதி, தன் மருமகன் முறையினனாகிய அஜாதசத்துருவோடு காசி நாட்டின் பொருட்டுப் போரிட்டு மும்முறை தோற்றான் என்று தம்மபத உரை கூறுகிறது. பால்மணம் மாறாத சிறுவனை வெல்ல இயலாத நான் வாழ்ந்தென்ன என்று எண்ணி, அவன் உணவின்றிப் படுக்கையில் வீழ்ந்துகிடந்தான். செய்தி பகவானுக்கு எட்டிற்று. ‘அடுத்த முறை நீ வெல்வாய்’ என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை, மன்னனை இகழவுமில்லை. வென்றவன் பகையைச் சேர்த்துக்கொள்கிறான், தோற்றவன் உறக்கத்தை இழக்கிறான், இரண்டையும் இறக்கிவைத்தவனுக்கே உறக்கம் உண்டு என்னும் கருத்தை உரைத்தார். தோல்விக்கு மருந்து வெற்றியன்று என்பதே இதன் சாரம்.

வெற்றி மருந்தன்று என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று, பெங்களூர் அணி தன் பதினெட்டாவது பருவத்தில் முதன்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் அதே சின்னசாமி அரங்கின் வாயில்களில், வென்றவரைக் காண முந்திய கூட்ட நெரிசலில் பதினொரு பேர் மாண்டனர். கூட்டத்தை முறையாக நடத்தாத பொறுப்பு வேறு. அதனை மாண்டவர்மீது சுமத்துதல் அறமன்று. ஆனால் வெற்றி கிடைத்துவிட்டால் நெஞ்சம் நிறைந்து அடங்கிவிடும் என்று எவரேனும் எண்ணினால், அந்நாளை நினைவுகூர்வாராக.

இங்கே ஒரு மறுப்பு எழும். அதனை எளிதில் தள்ளுதல் ஆகாது. ‘ஐயா, வாழ்வில் வேறெங்கும் வெல்லாதவனுக்கு அணியின் வெற்றி ஒன்றே வெற்றி. அதையும் பறிக்க வேண்டுமா?’ என்பதே அது. தங்கவயல் மக்கள் இக்கேள்வியை உணர்வர். 1880 முதல் நடந்த சுரங்கம் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. அன்று முதல் மாரிகுப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூரில் உழைத்து இரவில் திரும்புவோர் எத்துணை பேர்! அவ்வண்டியில் நின்றபடியே பயணம் செய்யும் இளைஞனுக்கு, ஒரு மாலை நேரத்து ஆட்டம் தரும் களிப்பை நாம் ஏன் குறை கூற வேண்டும்? களிப்பைக் குறை கூறவில்லை. ஆனால் அக்களிப்பை அவன் தன் மதிப்பாகக் கருதுங்கால், அது வட்டிக்கு வாங்கிய பணமாகிவிடுகிறது. தோல்வி நாளில் அசலோடு வட்டியும் சேர்த்து, தன் அமைதியினாலும், வீட்டிலுள்ள மனைவி மக்களின் அமைதியினாலும் அவன் அதனைச் செலுத்த நேர்கிறது. அவன் அழுவதை அவன் அணியின் உரிமையாளர் அறியார்.

கடன் வாங்காத ‘நாம்’ ஒன்றை இம்மண் அறியும். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. பாறை தானே வெடித்துச் சிதறும் ஆபத்துக்கு அது பேர்போனது. ஒரே கூண்டில் இறங்கியவர்கள் ஒருவர் உயிரை ஒருவர் கையில் வைத்திருந்தனர். அங்கே ‘நாம்’ என்று சொல்லக் கொடியும் வண்ணச் சட்டையும் வேண்டப்படவில்லை. எதிரியாக எவரும் வேண்டப்படவுமில்லை. அச்சொல் உழைப்பாலும் பொறுப்பாலும் ஈட்டப்பட்டது. ஆகவே நம் இளைஞர்க்கு ‘நாம்’ என்னும் சொல்லே தகாது என்பது நம் கருத்தன்று. அதை எங்கே செலவிடுவது என்பதே கேள்வி.

பின் ஆட்டம் பார்ப்பவன் தோல்வியை எவ்வாறு ஏற்பது? பிரம விகாரங்கள் நான்கனுள் மைத்திரியையும் கருணையையும் நாம் அடிக்கடி பேசுகிறோம், முதிதையை மறந்துவிடுகிறோம். பிறர் பெற்ற நன்மையைக் கண்டு தானும் மகிழ்தல் முதிதை. பகைவன் பெற்ற நன்மையில் மகிழ்தல் மிகவும் அரிது. உயிரும் சோறும் பறிபோகாத இடத்தில் அதனைப் பழகுவதன்றோ எளிது? ஆட்டம் அத்தகைய இடம். ஈடன் கார்டனில் தீ எரிந்த அதே இரவில், இலங்கைக்கு வாழ்த்தும் தம் வருத்தமும் தெரிவிக்கும் எழுத்துகளைத் துணியில் எழுதிப் பிடித்தவரும் இருந்தனர். 2018ஆம் ஆண்டு உருசிய நாட்டில் நடந்த கால்பந்து உலகக் கோப்பையில், இரண்டு கோல் முன்னணியில் இருந்த ஜப்பான் அணி பெல்ஜியத்திடம் 3-2 எனத் தோற்றது. கடைசிக் கோல் ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்தது. ஜப்பானியப் பார்வையாளர் அழுதனர். அழுதுகொண்டே தாம் அமர்ந்திருந்த இடத்துக் குப்பைகளைப் பொறுக்கிப் பைகளில் இட்டனர். அவர்க்கும் அன்பு குறைவில்லை, துயரமும் குறைவில்லை. துயரத்தைக் கையில் ஏந்தியவர், அதனைப் பிறர்மீது எறியவில்லை, அவ்வளவே வேறுபாடு.

இது சிறு விஷயம், இதற்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நினைப்பவர் உளர். அவர்கட்கு ஒன்று கூறுவோம். 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் தன் அணியின் வலைக்குள்ளேயே தவறிப் பந்தைச் செலுத்திய கொலம்பிய வீரர் ஆந்திரேஸ் எஸ்கோபார், ஊர் திரும்பிய சில நாள்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர் தாக்கப்பட்டனர். ஒன்று ஆட்டம், மற்றொன்று ஆற்றுநீர். ஆனால் ‘எங்களுக்குக் குறைவு நேர்ந்தது, ஆகவே எதிரே நிற்பவன் அதற்கு விலை தர வேண்டும்’ என்னும் எண்ணம் இரண்டிலும் ஒன்றே. அந்தத் தாக்குதலின் அச்சத்தை அறிந்த மக்கள் நாம். எந்த எண்ணத்தின் கனியை நாம் கசப்பென்று உணர்ந்தோமோ, அதன் விதையை ஒரு மாலை நேரத்து விளையாட்டில் நம் பிள்ளைகள் நெஞ்சில் நாமே ஊன்றலாகாது. சென்னை அணியை விரும்பும் பிள்ளையும் பெங்களூர் அணியை விரும்பும் பிள்ளையும் நம் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் வளர்கின்றனர்.

ஆகவே அன்பர்களே, ஆட்டத்தைப் பாருங்கள். நல்ல ஆட்டத்தைப் புகழுங்கள். விரும்பிய அணி வெல்ல வேண்டுமென்று விரும்புங்கள். தோற்ற நாளில் துயரம் வந்தால் அதனை மறைக்கவும் வேண்டா. ‘தோற்றார்கள்’ என்று ஒதுங்காமல், வென்றபோது சொன்னபடியே ‘தோற்றோம்’ என்று சொல்லிப் பழகுங்கள்; பிறகு எதிரணியில் நன்றாக ஆடிய ஒருவரின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாராட்டுங்கள். பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள். அவ்வாறு சொல்ல முடிந்தவனிடம் தோல்வி எடுத்துச் செல்லத்தக்கது ஒன்றும் இல்லை. அவன் அன்றிரவு உணவை ஒதுக்கான், உறங்கவும் செய்வான்.