சத்துருவுக்கும் ஒரு இலை



23-ம் சங்கீதத்தின் 5-ம் வசனத்தை நாம் எல்லாரும் சொந்தம் கொண்டாடுகிறோம். சத்துரு பசியோடு நின்று பார்ப்பான், அவன் கண் முன்னாலே நான் வயிறாரச் சாப்பிடுவேன் என்று நானும் வருஷக்கணக்காய்ப் பிரசங்கம் பண்ணினேன். சபையிலே அல்லேலூயா சத்தம் வானைப் பிளக்கும். பிரசங்கிக்கு வேறென்ன வேண்டும்!

ஒரு உபவாச ஜெப நாளில் 2 இராஜாக்கள் 6-ம் அதிகாரத்தில் ஆவியானவர் என்னைப் பிடித்தார். எலிசா என்கிற ஒரே மனுஷனைப் பிடிக்க சீரியா ராஜா ராத்திரியிலே தோத்தானுக்குக் குதிரையும் ரதமுமாய் ஒரு சேனையையே அனுப்பினான். மலை நிறைய அக்கினி ரதங்கள் நின்றதைப் பற்றி நாம் ரொம்பப் பேசுகிறோம். ஆனால் அந்த அக்கினி ஒரு சீரியனையாவது சுட்டதா? இல்லையே! கண் மயங்கினவர்களை எலிசா சமாரியாவுக்கு நடத்திக்கொண்டு போனான். இஸ்ரவேலின் ராஜாவுக்குக் கை துறுதுறுத்தது; வெட்டிப்போடட்டுமா என்று கேட்டான். எலிசாவோ, அப்பமும் தண்ணீரும் வைக்கச் சொன்னான். இங்கேதான் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கேட்டது அப்பமும் தண்ணீரும்; ராஜா போட்டதோ பெரிய விருந்து. வெட்டலாமா என்று கேட்ட அதே மனுஷன்!

பிரியமானவர்களே, என் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். அப்பா வைத்துப்போன தோப்பு வரப்பில் என் கூடப்பிறந்த அண்ணனுக்கும் எனக்கும் தகராறு. கோர்ட்டு வரைக்கும் போனோம். அந்த வீட்டில் இனி கை நனைக்க மாட்டேன் என்று சொல்லி ஒன்பது வருஷம். அக்கா மகன் கல்யாணப் பந்தியில் அண்ணன் என் எதிர் வரிசையில் வந்து உட்கார்ந்ததும், சோறு போட்ட இலையை விட்டு எழுந்துவிட்டேன். ஊரே பார்த்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே கையால் சபைக்கு அப்பம் பிட்டுக் கொடுத்தேன்.

அபாத்திரமாய்ப் பந்தியில் சேருவது என்றால் பீடி, சினிமா என்றே உங்களுக்கு விளக்கம் சொல்லி வந்தேன். 1 கொரிந்தியர் 11-ஐ நிதானமாய் வாசித்துப் பாருங்கள். ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் முந்திச் சாப்பிட்டு வெறித்திருந்தான். அந்தப் பிரிவினையைத்தான் பவுல் கண்டிக்கிறார்.

இதைச் சபையில் சொன்னபோது ஒரு வாலிபத் தம்பி, "ஐயா, அடுத்த வசனத்திலேயே பெனாதாத் வந்து சமாரியாவை முற்றிக்கை போட்டானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. சீரியரின் கொள்ளைக் கூட்டம் வருவது நின்றது உண்மை. பிற்பாடு யுத்தம் வந்ததும் உண்மை. எலிசா லாபக் கணக்குப் பார்த்து விருந்து வைக்கவில்லை. நம் ஆண்டவரும் யூதாசுக்குத் துணிக்கையைத் தோய்த்துக் கொடுத்தாரே, அவன் எழுந்து எங்கே போவான் என்று தெரிந்தும்!

உபவாசம் முடிந்த சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் நடுங்கினது. பிரசங்கம் ஒன்றும் வாயில் வரவில்லை. "மதினி, பசிக்குது" என்று மட்டும் சொன்னேன். மதினி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார்கள். அண்ணன் ரொம்ப நேரம் என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு பாயை எடுத்து விரித்தார்.

சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தது. வரப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கேஸ் இன்னும் நிற்கிறது; அதற்காக ஜெபியுங்கள். நான் சோற்றில் கை வைக்கப் போனேன். அண்ணன் தடுத்தார்.

"ஊரானுக்கெல்லாம் ஜெபம் பண்ணுதியே, இந்தச் சோத்துக்கும் பண்ணுடே."

ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஆமென் என்று அண்ணன்தான் சொன்னார்.