முன்னிருப்பவருக்கு உரிய கடன்

1947 ஜூன் 2, திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தை வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அன்று காலைதான் தில்லியில் தலைவர்களிடம் அளித்திருந்தார். பின்னர் காந்தியடிகள் அவரைக் காண வந்தார். பிரிவினையை மனமார எதிர்த்தவர் அவர். என்ன சொல்வாரோ என்று வைஸ்ராய் கலங்கியிருந்தார். ஆனால் திங்கட்கிழமை காந்தியடிகளுக்கு மௌன நாள். பழைய கடித உறைகளின் பின்புறத்தில் அவர் தம் கருத்தை எழுதிக் காட்டினார்.

அந்த மௌனத்தை வியப்பவர் பலர். அன்று அவர் எழுதிய ஒரு செய்தியை நினைப்பவர் குறைவு. மௌன விரதம் பூண்டபோதே இரண்டு விலக்குகளை வைத்துக்கொண்டதாக அவர் குறிப்பிட்டார். அவசர காரியத்தை முன்னிட்டு உயர்பொறுப்பில் உள்ளவர்களுடன் பேசலாம்; நோயுற்றவர்களைக் கவனிக்கவும் பேசலாம். முதல் விலக்கை அன்று அவர் பயன்படுத்தவில்லை. இரண்டாவதுதான் என் மனத்தை விட்டு அகலாதது. கவனத்தை நாம் தியான அறையில் சேர்த்து வைக்கும் சொந்தச் சொத்தாகவே எண்ணிப் பழகிவிட்டோம். அது முன்னிருப்பவருக்கு நாம் பட்ட கடன் என்று எண்ணுவது அரிது.

நம் நாடாளுமன்றத்தின் கேள்வி நேரம் இந்தக் கடனை முறைப்படி வசூலிக்க ஏற்பட்டதே. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று விடை கூறவேண்டும். அந்த விடையைக் கேட்டு உறுப்பினர் துணைக் கேள்வி எழுப்பலாம். விடையைக் கவனித்தவரால்தான் துணைக் கேள்வி கேட்க இயலும். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் ஏறத்தாழ 1.25 கோடி ரூபாய் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடானது பற்றி 1957-இல் மக்களவையில் எழுந்த கேள்வி, விவாதமாயிற்று. சக்ளா விசாரணை ஆணையமாயிற்று. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

2010 குளிர்காலக் கூட்டத்தொடரோ, 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் ஏறக்குறைய முழுவதும் அமளியில் கழிந்தது. அமளி செய்தவர்கள் பக்கம் நியாயமே இல்லையென்று சொல்லமாட்டேன். அவர்கள் கோரிய கூட்டுக்குழு 2011-இல் அமைந்தது. ஆயினும் அந்நாட்களில் கேட்கப்படாமற்போன துணைக் கேள்விகளுக்குக் கணக்கில்லை. எழுத்து மூலமான விடைகள் அவையில் வைக்கப்பட்டன. அவற்றைத் துருவிக் கேட்க ஒருவருக்கும் வாய்ப்பில்லை. மாநிலங்களவையில் அமளிக்குத் தப்பவேண்டிக் கேள்வி நேரத்தையே 2014-இல் காலை 11 மணியிலிருந்து நண்பகல் 12 மணிக்கு மாற்றினார்கள். அமளியும் 12 மணிக்கு வரக் கற்றுக்கொண்டது.

அலுவலகங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மனு கொடுக்க வந்த முதியவர் நின்றுகொண்டிருக்க, மேசைக்கு அப்பால் இருப்பவரின் கண் கைப்பேசியில் இருக்கும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம்.

கலையில் மட்டும் ஒரு தவறான பழியை நீக்கவேண்டும். சுருக்கமே சிதறல் என்று பெரியவர்கள் சிலர் குறைகூறுவதுண்டு. கல்கத்தாவில் 1902-இல் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்குப் பாடியபோது அவருக்குக் கிடைத்தது சுமார் மூன்று நிமிடம். மணிக்கணக்கில் விரிக்கும் ராகத்தை அதற்குள் அடக்கினார். இறுதியில் தம் பெயரையும் சொன்னார். நேரம் குறைந்தது, கவனம் குறையவில்லை. இன்று மூன்று மணி நேரக் கச்சேரிக்கு வந்தமர்ந்து, பாதி நேரம் கைப்பேசியை உயர்த்திப் படமெடுப்பவரிடம் இருப்பது நேரம் மட்டுமே. பாடுபவர் கண்ணெதிரே இருக்க, அவரைச் சிறு திரையில் தேடுகிறோம்.

பிறரைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவு. என் பெரியப்பா ரயில்வேயில் பணிபுரிந்தவர். 1974 மே மாத வேலைநிறுத்தம் பற்றி அவர் எவரிடமும் பேசியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நான் கேளாமலே தொடங்கினார். வேலைக்குச் செல்வதா, தோழர்களுடன் நிற்பதா என்று அவர் தவித்த இரவில், தலைமறைவாயிருந்த நண்பர் ஒருவர் வந்து குடியிருப்பின் கதவைத் தட்டினாராம். அவ்வேளையில் என் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் பார்த்தேன், ஏதோ ஒரு விளம்பரச் செய்தி. “உம், சொல்லுங்கள்” என்றேன், கண்ணை எடுக்காமலே. நிமிர்ந்தபோது அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒன்றுமில்லையப்பா” என்றார்.

மறுஆண்டு அவர் காலமானார். அன்றிரவு அவர் கதவைத் திறந்தாரா என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.