தன்னம்பிக்கையும் முரட்டுத்தனமும்: பிள்ளைகளின் கல்வி பற்றிய ஒரு சிந்தனை

கட்டிளமைப் பருவத்துப் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் இரண்டு விதமாகக் குறைபடுவதுண்டு. "இவனுக்குத் தன்னம்பிக்கையே இல்லை" என்பது ஒன்று. "இவன் எதற்கெடுத்தாலும் கை நீட்டுகிறான்" என்பது மற்றொன்று. இவை வெவ்வேறு பிள்ளைகளின் குறைகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும் பல வேளைகளில் இவை ஒரே பிள்ளையிடம் ஒரே வேரிலிருந்து முளைத்தவையாகும்.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியை எட்டாத பிள்ளை, 10 வயதிலேயே தன்னை "மொக்கு" என்று எண்ணத் தொடங்குகிறான். ஒன்பதாந் தரத்தில் கணக்கு விளங்காதபோது எழுந்து கேட்க வெட்கப்படுகிறான். கேலி செய்த சகமாணவனை அடிப்பது அவனுக்கு இலகுவாக இருக்கிறது. "மொக்கு" என்ற பெயரைவிட "முரடன்" என்ற பெயர் அவனுக்குக் கௌரவமாகத் தோன்றுகிறது. பல்லேகம போன்ற சிற்றூர்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு பிள்ளைக்குச் சூட்டிய பெயர் பாடசாலை, கடைத்தெரு, ஆலய வீதி எங்கும் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். சாதாரண தரப் பரீட்சை வருமுன்னரே அவன் மனத்தால் பாடசாலையை விட்டு விலகிவிடுகிறான்.

உளவியல் அறிஞர் அல்பர்ட் பண்டுரா (1925–2021) இவ்விரு விடயங்களையும் ஆராய்ந்தவர். பெரியவர் ஒருவர் பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறுவர், தாமும் அவ்வாறே அடித்ததை 1961 இல் வெளிவந்த அவரது ஆய்வு காட்டியது. 1996 இல் அவரும் இத்தாலிய அறிஞர்களும் உரோமாபுரிக்கு அண்மையில் 11 முதல் 14 வயது வரையான 279 பிள்ளைகளை ஆராய்ந்தனர். தம்மால் படிக்க முடியும் என்ற நம்பிக்கை பெறுபேற்றை உயர்த்தியதுடன், பிறருக்கு உதவும் பண்பை வளர்த்து, மனச்சோர்வையும் குறைத்ததாக அவர்கள் கண்டனர். பெற்றோரின் நம்பிக்கையும் பிள்ளையின் நம்பிக்கை வழியாகவே பெறுபேற்றைச் சென்றடைந்தது.

ஆனால் தன்னம்பிக்கை வேறு, தற்பெருமை வேறு. துரியோதனனிடம் தற்பெருமைக்குக் குறைவில்லை. அதற்குச் சிறு காயம் பட்டாலும் அது சினமாக மாறியது. அனுமனோ தன் ஆற்றலையே மறந்திருந்தான். கடற்கரையில் சாம்பவான் அவனைத் திட்டவுமில்லை, பொய்யாகப் புகழவுமில்லை; அவனிடம் உள்ளதை எடுத்துரைத்தான். அனுமன் கடலைத் தாண்டினான். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சாம்பவான் தேவை.

அப்படியாயின் அடித்த பிள்ளையின் குற்றத்தைப் பொறுத்துக்கொள்வதா? இல்லை. அடிபட்ட பிள்ளைக்கும் நீதி வேண்டும். தவறு செய்தவன் மன்னிப்புக் கேட்கவும், சேதத்தை ஈடுசெய்யவும் வேண்டும். ஆனால் அடிக்கு அடி மருந்தாகாது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் 2005/17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை கூறியது. வீட்டுக்குச் சுற்றறிக்கை வருவதில்லை. அங்கே பெற்றோரின் மனச்சாட்சியே சட்டம். வள்ளுவர் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமும் வெகுளாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஒன்றைக் கற்பித்து மற்றொன்றை விட்டுவிட முடியாது.

முருகப் பெருமான் சூரபத்மனை அழித்தொழிக்கவில்லை. மயிலாகவும் சேவலாகவும் ஆட்கொண்டார். பிள்ளையின் வேகத்தையும் அவ்வாறே ஆட்கொள்ள வேண்டும். "முரடன்" எனப்படும் பையனிடம் திருவிழாவில் தோரணம் கட்டும் பொறுப்பையோ, அன்னதானப் பந்தியின் பொறுப்பையோ நம்பி ஒப்படைத்துப் பார்க்கலாம். ஒரு வேலையைச் செய்து முடித்தவனுக்கே "என்னால் முடியும்" என்ற எண்ணம் பிறக்கும். அடுத்த நாள் ஒரு கணக்கை அவனோடு அமர்ந்து செய்து முடித்தால், அந்த எண்ணம் கொப்பியிலும் தொடரும்.

பிள்ளைகளுக்குத் தெளிந்த அறிவையும், பெரியோருக்குப் பொறுமையையும் எல்லாம் வல்ல இறைவன் அருள்வாராக.